வண்டிக்கு எதற்கு மரியாதை

எங்கள் ஊர் வேலூர். கோட்டையும் ஜெயிலும் நினைவுக்கு வந்தால் அது வேறு வேலூர். எங்களுடையது நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக் கரையில் இருக்கிற பரமத்தி வேலூர். எங்கள் ஊரில் இலை என்று சொன்னால் வெற்றிலை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அது வாழையிலை. மூன்றாவதாக ஒரு இலை உண்டு, அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் பயணம் போவார்கள் என்பது எனக்கு ஆறாம் வகுப்பில், அப்பாவின் ஆர்.சி. புத்தகத்திலிருந்துதான் தெரிய வந்தது.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் போவார். அங்கே காஷ்மீருக்கு லோடு கிடைத்தால் அப்படியே மேலே போய், திரும்பும்போது ஆப்பிள் ஏற்றி வருவார். அப்படி ஒருமுறை திரும்பி வந்தவர், ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்து ஒரு இலையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். என் உள்ளங்கையைவிடப் பெரியது. விரித்த கைபோல ஐந்து விரல்கள், சுட்ட செங்கல்லின் நிறம். ஆப்பிள் பெட்டிமேல் விழுந்து கிடந்ததாம். அங்கே மரம் பூராவும் இப்படித்தான் இருக்கும், ரோடெல்லாம் இதுதான் கிடக்கும் என்றார். அப்பா வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை, புகழ்ந்து பேசுகிற ஆளும் இல்லை. அவரே புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்திருக்கிறார் என்றால் அது லேசுப்பட்ட இலையாக இருக்காது என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, அந்த மரத்த நான் ஒருக்கா பாக்கோணும்."

அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அப்பா ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னால் நடக்காது என்று அர்த்தம். அம்மா இரண்டில் ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா சேலத்துக்கு வடக்கே போனதே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத ரோடும் இல்லை. தினமும் போனில் அப்பாவோடு பேசிப் பேசி, எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்துகொண்டே இந்தியாவின் பாதியைத் தெரிந்து வைத்திருந்தாள். தொப்பூர் இறக்கத்தில் எந்த வளைவில் வண்டிகள் கவிழும், நாக்பூர் தாண்டி எங்கே அரிசிச் சோறு கிடைக்கும், ஜான்சிக்கு முன்னால் எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று கேட்டால் படக்கென்று சொல்வாள். எங்கள் ஊர் பைபாஸில் ஏறி வடக்கே பார்த்துப் போய்க்கொண்டே இருந்தால் காஷ்மீர் என்று என்னிடம் சொன்னபோது, ஏதோ மோகனூருக்கு வழி சொல்வதுபோல இருந்தது. இலை எந்த வாரம் சிவக்கும் என்று காஷ்மீர் ஆப்பிள் தோட்டக்காரரிடமே அப்பாவை விட்டுக் கேட்க வைத்தாள். ஐப்பசிக் கடைசி என்று பதில் வந்ததும் காலண்டரில் அந்த வாரத்தைச் சுற்றி வட்டம் போட்டாள்.

ஊருக்குள் இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 'இலை பார்க்கக் காஷ்மீர் போவதால்' என்று நான் எழுதிக் கொண்டுபோன லீவ் லெட்டரைப் படித்துவிட்டு, அங்கேயும் வெற்றிலை போடுகிறார்களா என்று டீச்சர் கேட்டார். அம்மாவே பள்ளிக்கூடத்துக்கு வந்து விளக்கிய பிறகு, ஆளுக்கு ஒரு இலை கொண்டு வரவேண்டும் என்ற கட்டளையோடு லீவ் கிடைத்தது. கொடிக்கால் வைத்து வெற்றிலை பறிக்கிற பெரிய மாமாவுக்குத்தான் கடைசிவரை மனசு ஆறவில்லை.

"ஏனம்மிணி, எல பழுத்தா இங்க நாங்க மருந்தடிக்கறோம். அதப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் போவாங்களா?"

பாக்கி இருந்தது இடம் மட்டும்தான். லாரியின் முன்பக்கத்தில் அப்பாவும் கிளீனர் அண்ணனும் போக, இரண்டு பேர் உட்காரவும் படுக்கவும் இடம் போதாது. அந்த ஐப்பசியில் கிளீனர் அண்ணனுக்கு மேச்சேரியில் தங்கை கல்யாணம் வந்தது. ஒரு நடைக்கு அவர் லீவு கேட்டார். அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவர் இடத்துக்குத் தான் வருவதாகச் சொன்னாள். கிளீனர் இல்லாமல் இவ்வளவு நீள வண்டியை ரிவர்ஸ் எடுக்க யார் பின்னால் நின்று சொல்வது என்று கேட்டார் அப்பா. அதையும் தானே செய்வதாக அம்மா சொன்னதும் அப்பா ஒரு பரீட்சை வைத்தார். வீட்டை ஒட்டிய காலி இடத்தில், எங்கள் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வண்டியைப் பின்னால் வரச்சொல்லி, இடிக்காமல் நிறுத்த வேண்டும். முடிந்தால் காஷ்மீர், முடியாவிட்டால் பேச்சு அதோடு சரி.

தொட்டி வண்டிக்கு வலது ஓரம், அப்பா உட்கார்ந்திருக்கும் பக்கம். தெருவே வேடிக்கை பார்க்க வந்து நின்றது. அம்மா பின்னால் போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க... வாங்க... இன்னும் வாங்க..." என்றாள். பிறகு, "நில்லுங்க" என்றாள். நில்லு என்று ஆரம்பித்து ங்க என்று முடிப்பதற்குள் வண்டி தொட்டியில் மோதிவிட்டது. தொட்டி விளிம்பு பிளந்து தண்ணீர் தெருவில் ஓடியது. அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றாள்.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். "நீ மருவாதி குடுத்து முடிக்கறதுக்குள்ள வண்டி போயிருது புள்ள. கிளீனர்னா வா வான்னு கூப்படோணும், ஹோல்டான்னு ஒரே வார்த்தைல நிறுத்தோணும். விட்டுரு" என்றார். நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. அம்மா மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தொட்டியப் பூசிட்டு இன்னொருக்கா பாக்கலாமுங்க" என்றாள்.

மறுநாள் அவளே மணல் சலித்துச் சிமெண்டு குழைத்து விளிம்பைப் பூசினாள். அது காய்கிற நான்கு நாளும் எங்கள் வாசலில் பயிற்சி நடந்தது. நான்தான் லாரி. முறத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பேன். "வா சாமி, வா சாமி, ஹோல்டான்" என்பாள் அம்மா. ஒருமுறைகூட நான் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பாவை நினைத்துக்கொண்டு சொல் என்றால் உடனே ங்க வந்து ஒட்டிக்கொள்ளும். பதினான்கு வருஷப் பழக்கம் நான்கு நாளில் போகுமா? எனக்குப் பயமாக இருந்தது. வகுப்பு முழுக்க இலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

பரீட்சை நாளில் அம்மா பின்னால் போய் நின்று, லாரியின் பின் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"வாடா வா. ஒடிச்சு வா. வாடா, வாடா. ஹோல்டான்."

அப்பா இறங்கி வந்தார். தொட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ளங்கையைச் செருகிப் பார்த்தார். கை சரியாக நுழைந்தது. புருஷனை டா போட்டுக் கூப்பிட்டதற்கு என்ன நடக்கப்போகிறதோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தலையைக் குனியாமல் சொன்னாள்.

"நான் வண்டியத்தானுங்க கூப்பிட்டேன். வண்டிக்கு எதுக்கு மருவாதி?"

அப்பா சிரித்துவிட்டார். "சரிங்க, கெளம்பலாமுங்க" என்றார். அம்மாவிடம் அவர் ங்க போட்டுப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பைபாஸில் ஏறி வடக்கே போனோம். வழியெல்லாம் அம்மா அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள், அதுவும் சொன்னபடியே வந்தது. லோடு இறக்க, ஏற்ற என்று ஒவ்வொரு இடத்திலும் அவள்தான் பின்னால் நின்றாள். சேலைக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை லாரியை அதட்டி வரவழைப்பதை மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காஷ்மீரில் ஆப்பிள் தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மத்தியான வேளை. வண்டியைக் கல்சுவர் ஓரமாகப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. சுவர் அப்பாவின் பக்கம். அம்மா இறங்கி, "வாடா வா, வாடா" என்று ஆரம்பித்தாள். அப்போது காற்று அடித்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மரம் நின்றது. ஒன்றல்ல, வரிசையாக. அடுப்புத் தணல் நிறத்தில் இலைகள் சுழன்று சுழன்று அவள் தலைமேலும் தோள்மேலும் விழுந்தன. அம்மா வாயை மூட மறந்து நின்றாள். ஹோல்டான் என்று சொல்லவும் மறந்துவிட்டாள். வண்டி வந்துகொண்டே இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

வண்டி தானாக நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு உள்ளங்கை இடம். அப்பா இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். அம்மா சொல்லவே இல்லையே, எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணாடி எதுக்கு இருக்குது சாமி" என்றார் அப்பா.

சரிதான் என்று நினைத்துக்கொண்டு, வகுப்புக்கு இலை பொறுக்க ஓடிவிட்டேன்.

போன வருஷம் நான் கார் ஓட்டப் பழகினேன். வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்து முதல்முறையாக ரிவர்ஸ் எடுத்தபோது, பின் சக்கரத்தின் ஓரத்தில் கிடந்த செருப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. காரை அப்படியே நிறுத்திவிட்டேன். எங்கள் தண்ணீர்த் தொட்டியும் அப்பாவுக்கு வலதுபக்கம்தானே இருந்தது? அந்த ரோட்டில் எங்களைக் கூட்டிப்போக அப்பாவுக்குப் பயம். பயமாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் அவருக்கு வராது. அதற்காக ஒரு தொட்டியையே இடித்திருக்கிறார்.

பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவள்போல அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

"ஒடஞ்ச அன்னிக்கே தெரியும் சாமி" என்றாள். "அவரு வண்டில அடிபட்டு ஒரு கோழிக்குஞ்சு செத்தது கெடையாது."