நூலுக்கு வைத்த தண்ணீர்

நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்த தறிப்பட்டறையில் கரண்டுக் காத்தாடி கிடையாது. குமாரபாளையத்தில் அப்போது எந்தப் பட்டறையிலும் இருந்ததாக ஞாபகம் இல்லை. காற்றடித்தால் நூல் அறுந்துவிடுமாம். அதற்காகச் சித்திரை வெயிலிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நூல் காயக் கூடாதென்று தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். மேலே தகரம், கீழே ஈரம். வேர்த்தால் வேர்வை காயாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். நூலுக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தறியை ஓட்டுகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் நாதியில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. மாற்று ஆள் வராததால் அவர் விடியற்காலையிலிருந்து மதியம் தாண்டியும் ஒரே ஆளாகத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். தலை வலிக்கிறது என்றார்.

"சூடுதானுங்க. தொப்புள்ள வெளக்கெண்ணெ வெச்சா செரியாப் போயிரும்" என்றார் அடுத்த தறிக்காரர்.

எங்கள் ஊரில் கண் எரிந்தாலும் சூடு, கட்டி வந்தாலும் சூடு, வயிறு வலித்தாலும் சூடு. சொல்லிச் சொல்லியே, நிஜமான சூடு வந்து நின்றபோது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கும்தான்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீங்க எந்தூருங்க?" என்று கேட்டார். கேலி பண்ணுகிறார் என்று சிரித்துவிட்டேன். காலையெல்லாம் நனைந்து கிடந்த சட்டை மொரமொரவென்று காய்ந்திருந்ததையும் கவனிக்கவில்லை. தறியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார்.

தொட்டால் கை சுட்டது. பட்டறையை ஒட்டித்தான் வீடு. தூக்கிப்போய்ப் படுக்க வைத்தோம். டாக்டரைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் போனார். மாமியார் கம்பளியை எடுத்து மகனுக்குக் கழுத்துவரை போர்த்தினார்.

"அத்தை, அனலாக் கொதிக்குதுங்க. தண்ணி ஊத்தலாமுங்க" என்றேன்.

"என்ன பேச்சு பேசற அம்மிணி? கொதிக்கற ஒடம்புல தண்ணிய ஊத்துனா ஜன்னி வந்துரும்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். காற்று படக் கூடாதென்று ஒரு புண்ணியவான் கதவையும் சாத்தினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை வருசம் கழித்தும் அந்த நேரத்தை நினைத்தால் அவர்கள் மேல் வருகிற எரிச்சலைவிட என் மேல் வருவது அதிகம்.

டாக்டர் வந்ததும் கம்பளியை உருவி வீசினார். "ஆளக் கொல்லப் பாக்கறீங்களா? தண்ணி கொண்டாங்க!"

வீட்டுக் குடத்தில் கால்வாசிதான் இருந்தது. பட்டறைக்கு ஓடி, நூலுக்காக நிரப்பி வைத்திருந்த வாளிகளைத் தூக்கிவந்து தலையிலிருந்து கால்வரை ஊற்றினேன். டாக்டர் கதவைத் திறந்துவிட்டு முறத்தால் வீசச் சொன்னார். வேர்வை காய வழியில்லாமல்தான் உடம்பு இப்படிச் சூடேறி, கடைசியில் வேர்வையே நின்றுபோனது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூளை கெட்டிருக்கும், உயிரே போயிருக்கும் என்று திட்டிக்கொண்டே ஆற்றுப் பாலம் தாண்டி அக்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என் வீட்டுக்காரர். அப்போதுதான் அழுதேன்.

பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் மாமியார் சொன்னார்: "நல்லவேளை, ஒடனே கம்பளியப் போர்த்துனேன் சாமி. இல்லீன்னா ஜன்னி வந்துருக்கும்." படுத்திருந்த அவரும் தலையாட்டினார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வைகாசி கடைசியில் வேலைக்குத் திரும்பினார். ஜன்னல் சாத்தியே இருந்தது. தரைக்குத் தெளிக்க வைத்திருந்ததில் ஒரு வாளியை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"அது நூலுக்கு வெச்ச தண்ணியாச்சே அம்மிணி?"

"தெரியுமுங்க. ஒண்ணு மட்டும் ஆளுக்கு இருக்கட்டுமுங்க" என்றேன்.