கூவாத வெள்ளைச் சேவல்

அம்மாவிடம் நான் சொன்ன பொய்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். அவள் இல்லை, எனக்கும் தலை நரைத்துவிட்டது.

எங்கள் ஊரைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம் அது. எனக்குப் பத்து வயது. தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் கூடை நிறையச் சாயக் குஞ்சுகள் விற்றான். மாமா எனக்கு ஒரு ரோஸ் குஞ்சு வாங்கித் தந்தார். குஞ்சு சேவலா பெட்டையா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டும். காலைத் தொங்கவிட்டால் சேவல், மடக்கிக்கொண்டால் பெட்டை. தூக்கினேன். கால்கள் தொங்கின. நாள் முழுக்கக் கூடையில் நசுங்கி அரை உயிராய்க் கிடந்த குஞ்சு எந்தக் காலை மடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“சேவல்தான்டா டாக்டரு!” என்று மாமா தோளைத் தட்டினார். அன்றிலிருந்து வீட்டில் கோழி விஷயத்தில் என் சொல்தான் முடிவு.

சாயம் போய் அது வெள்ளையாக வளர்ந்தது. நான்கு மாதத்தில் ரத்தச் சிவப்பாய்க் கொண்டை தடித்தது. நாட்டுக்கோழியை மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பண்ணைக் கோழியில் பெட்டைக்கும் அப்படிக் கொண்டை வரும் என்பதை நான் கல்லூரியில்தான் படித்தேன்.

கொல்லையில் இன்னொரு சேவலும் இருந்தது. சீக்கில் மற்ற கோழிகள் எல்லாம் செத்தபோது தப்பித்த சிவப்பு. பள்ளிவிட்டு வரும்போது தெருமுனைவரை ஓடி வரும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘வாடா’ என்றாலே போதும்.

பங்குனியில் அப்பா படுத்தார். கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை சுமந்த உடம்பு பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டது. கண்ணும் நகமும் மஞ்சள். பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துத் திருப்பி அனுப்பிய அன்று, அம்மா ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். ஆண் உயிருக்கு ஆண் உயிர்.

“வெள்ளையக் குடுத்துடலாம். சிவப்பு உனக்கு இருக்கட்டும்,” என்றாள். அந்த நிலையிலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

சித்திரைப் பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, விறகுக்குப் பின்னால் கிடந்த கோணியில் ஒரு முட்டையைப் பார்த்தேன். கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டில் இருந்ததே இரண்டு கோழி. வெள்ளை பெட்டை என்று புரிந்துவிட்டது. சொன்னால் அம்மனிடம் போகப்போவது எது என்பதும் புரிந்தது. முட்டையை வேலிக்கு அப்பால் எறிந்தேன். அடுத்த நாள்களில் கிடைத்தவற்றையும் எறிந்தேன்.

அம்மாவுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை.

“ஏன்டா, இது கூவவே மாட்டேங்குதே?”

“கூவிச்சும்மா. காலைல நீ தண்ணிக்குப் போயிருந்தப்ப.”

“நிஜமா?”

“சத்தியமா. கம்மியாதான் கூவிச்சு. இப்பதான பழகுது.”

மாமா சிரித்தார். “டாக்டரே சொல்லிட்டாரு. நீ இன்னாக்கா ஜாஸ்தி யோசிக்கற?”

பூசையன்று பூசாரி கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். மஞ்சள் தண்ணீர் தெளித்து வரிசையில் நீட்டும் கோழிகளை அவர் ஒவ்வொன்றாக ஆராய்வதில்லை; வெட்டித் திருப்பித் தருவதோடு சரி.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாதான் வயிற்றைக் கீறிக் கழுவினாள். உள்ளே மஞ்சள் கருக்கள், பெரிதும் சிறிதுமாய்க் கொத்தாக இருந்தன. அவற்றுக்குக் கீழே ஓடு கட்டிய ஒரு முழு முட்டை. அவள் கை அப்படியே நின்றது.

“என் கண்ணு அவிஞ்சு போச்சே,” என்றாள். “பொட்டையக் குடுத்துட்டு ஆம்பள உசுரக் கேட்டுட்டேனே.”

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சத்தியம் செய்தது அவளுக்கு நினைவே இல்லாததுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை சிவப்பைக் கொடுத்துவிடலாம் என்றாள். அப்பா புதன்கிழமை இறந்தார். காரியம் முடிந்து ஆக்கிய கறிச்சோற்றுக்குச் சிவப்பைத்தான் அடித்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

அப்பாவின் ஈரல் எந்தச் சேவலாலும் தேறியிருக்காது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் பாரம் இறங்கியது. அது என் பாரம் மட்டும். அம்மா அதற்குப் பிறகு கோழி வளர்க்கவில்லை. நேர்த்திக்கடனுக்குச் சேவல் வாங்கப் பெண்கள் துணைக்குக் கூப்பிட்டால், “என்னைக் கேக்காதீங்க” என்று உள்ளே போய்விடுவாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, என் மகன் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, அவளே கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போய் நேர்த்திக்கு ஒரு சேவல் வாங்கி வந்தாள். வால் வளைந்து தொங்கியது; காலில் முள் விரல் நீளம். அவள் கையில் இருந்தபடியே ஒருமுறை கூவவும் செய்தது. அப்படியும் என்னிடம் நீட்டினாள்.

“நீ ஒரு தபா பாத்து சொல்லு கண்ணு. எனக்குத்தான் பாக்கத் தெரியாதே.”

உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் கோழியை வாங்கினேன். றெக்கையை விரித்தேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன்.

“சேவல்தாம்மா.”

அவள் முகம் தெளிந்தது. கோணியில் முட்டையைக் கண்ட பையனுக்கு அன்று எல்லாமே புரிந்திருந்தது. பொய் சொன்னவனை விட்டுவிட்டு, நம்பியவள் தலையில் பழி போய் உட்காரும் என்பது மட்டும் புரியவில்லை.