கயிற்றின் அந்தப் பக்கம்

உங்கள் ஊர் இந்தியாதான் என்று சிலோனிலிருந்து அனுப்பிவிட, கப்பலேறி வந்து கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் குடியேறிய மறு வருஷம், குழாயடிச் சண்டை வெட்டுக்குத்துவரை போகப் பார்த்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் முன்பே இருந்த உள்ளூர்க்காரர்கள் எங்களைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. நாங்களும் சும்மா இருக்கவில்லை.

சமாதானம் செய்கிறேன் என்று எஸ்டேட் துரை விளையாட்டு விழா வைத்தார். மைக்கைப் பிடித்து ஒலிம்பிக் பிறந்த கதையைச் சொன்னார். கிரேக்க தேசத்தில் ராஜாக்கள் ஓயாமல் அடித்துக்கொள்வார்களாம். போட்டி என்று அறிவித்துவிட்டால், ஆட வந்தவன் பத்திரமாக வீடு போய்ச் சேரும்வரை அவன்மேல் யாரும் கை வைக்கக் கூடாதாம். மனிதர்களைச் சேர்த்துவைக்கத்தான் இன்றைக்கும் உலகமே கூடி அதை நடத்துகிறதாம்.

சொல்லி வாய் மூடவில்லை, "சிலோன் ஆட்கள் இந்தப் பக்கம், உள்ளூர் ஆட்கள் அந்தப் பக்கம்" என்று இழுபறிப் போட்டிக்கு வடக்கயிற்றைத் தூக்கிப் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டிய மரத்தை இழுக்க, தினமும் இரண்டு லயத்தாரும் ஒரே பக்கம் நின்று பிடிக்கிற கயிறு அது.

எனக்கு எதிரே, போன வாரம் என் குடத்தை எட்டி உதைத்தவன் நின்றான். மரம் இழுக்கும்போது எனக்கு முன்னால் பிடிக்கிறவனும் அவன்தான். தினமும் முதுகைப் பார்ப்பேன், அன்றைக்கு முகம். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் இடுப்பில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தெரிந்தது.

துரை விசிலை வாயில் வைத்தார்.

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும்னு சொன்னீங்களே தொரை," என்றேன். "எங்க வீடு எதுங்க?"

எதிரே நின்றவன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினான். துரை என்னையே பார்த்தார். பிறகு விசிலை ஊதினார்.