வசூலில் வராதவர்கள்

கலைமதிக்குக் கணக்குப் பிடிக்கும், கூட்டம் பிடிக்காது. புத்தூரில் வீடு, ஸ்ரீரங்கத்தில் வேலை. காய்ச்சல் ஓர் ஊரில் கிளம்பினால் அடுத்து எந்த ஊரைப் பிடிக்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்லும் சின்ன ஆய்வு அலுவலகம் அது. ஊருக்கு ஊர் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்பதுதான் அஸ்திவாரம். அதை அவள் பஸ் டிக்கெட் வசூலை வைத்துக் கணித்தாள்.

ஸ்ரீரங்கத்தில் வைரஸ் காய்ச்சல் கண்டபோது அவள் வரைபடத்தில் திருவெறும்பூர்ப் பக்கம் போக்குவரத்து அதிகம் என்று தடித்த கோடு விழுந்தது. திருவெள்ளறைக்கு நூல் மாதிரி ஒன்று. மருத்துவ முகாம் வண்டி திருவெறும்பூருக்குப் போனது. மேலதிகாரி தைரியராஜ் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

அடுத்த வாரம் வேலைக்குப் போகும்போது மாம்பழச்சாலையில் வழக்கம்போலத் திருவெள்ளறைப் பூக்காரப் பெண்கள் கூடைகளோடு பஸ் மாறி ஏறினார்கள்.

"உள்ள தள்ளிப் போங்கம்மா. ஓசியில வந்துட்டு வாசல்லயே நிக்கிறீங்க" என்றார் கண்டக்டர்.

"காய்ச்சலையும் ஓசியிலதான்யா குடுக்குறீங்க. அதுக்கு ஒரு டிக்கெட்டக் கிழி!" என்றாள் மாரியாயி. பஸ்ஸே சிரித்தது.

கலைமதியும் சிரித்தாள். "தெனமும் ஒங்ககூட வர்ற மயிலம்மா அக்காவக் காணோமே?"

"எங்க நாத்தனாரா? ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மெசின் வச்சுப் படுத்திருக்கு பாப்பா. தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சல்ல கெடக்காங்க. அந்த முகாம் வண்டி எங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

கலைமதியின் கையில் கசங்கியிருந்தது பெண்களுக்கான இலவச டிக்கெட். வருடக்கணக்காக அவளும் அதில்தான் வருகிறாள். இந்தப் பெண்கள் ஒருவர்கூட வசூலில் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்திருந்தால் திருவெள்ளறைக் கோடுதான் தடித்திருக்கும்.

அலுவலகத்தில் அவள் சொன்னதைக் கேட்டுத் தைரியராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சும்மா. இப்ப தப்புன்னு சொன்னா நாளைக்கு நம்ம பேச்ச யார் கேப்பா? அடுத்த ரவுண்டுல சேத்துக்கலாம்."

கேட்டபோது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆறுதலே அவளை உறுத்தியது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்துபோனாள்.

"சார், என் தப்புன்னு என் பேரைப் போட்டே எழுதித் தரேன். வண்டிய அனுப்பச் சொல்லுங்க."

மறுநாள் வண்டி திருவெள்ளறைக்குப் போனது. அவளும் போனாள். மருந்துக்கு நின்ற வரிசையிலிருந்து மாரியாயி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீதான் சொல்லி வரவச்சியாம்ல? மகராசியா இரு பாப்பா."

சும்மா இருந்திருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்லக்கா. போன வாரமே வந்திருக்கணும். ஸ்ரீரங்கத்துக்கும் ஒங்க ஊருக்கும் பொம்பளைங்க போயி வர்றதை நான் கணக்குல சேக்கவே இல்ல. என் தப்புதான்."

மாரியாயி கையை விடாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"எங்ககூடத்தானே பாப்பா தெனமும் வருவ?"

மாரியாயி கையை விட்டுவிட்டு, வரிசையில் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போனாள்.