"நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம், அண்ணி!"

'அட்ஜஸ்ட்' என்கிற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. எங்கள் காரைக்கால் தலத்தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சௌந்தரவல்லி. "நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்று யார் சொன்னாலும் அவள்தான் கட்டிலை விட்டு இறங்கி அடுப்படியில் பாய் போடவேண்டும்.

என்னோடு ஒரே அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டுபவள். அவள் செய்த ஒரே தப்பு, திருநள்ளாறுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டது. புருஷன் வீட்டுச் சொந்தத்தில் எப்போதும் யாருக்காவது ஏழரைச் சனி. சனீஸ்வரனைக் கும்பிட்ட பிறகு அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாதாம்; அதனால் முதல் நாளே வந்து இறங்கிவிடுவார்கள். என்ன ஒரு பக்தி!

போன வருஷம் பதவி உயர்வுப் பரீட்சை வந்தது. வயசுக் கணக்குப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. சனிக்கிழமை காலை பரீட்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் பாரதிப்ரியா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள்.

"நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம், அண்ணி. விடியக்காலைல குளத்துல முழுகணும், காப்பி மட்டும் போதும். அப்படியே நாலு இட்லி ஊத்திக் கட்டிக் குடுத்துடுங்க."

சௌந்தரவல்லி புருஷனைப் பார்த்தாள். சிவசுப்பிரமணியன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு நாள்தானே, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். மகராசன்!

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஹஃபீஸா அக்காவிடம் போய்விட்டாள். அக்கா கதவைத் தாழ் போட்டு, "நீ படி புள்ள, யாரு வந்தாலும் நான் பேசிக்கிறேன்" என்றாராம். வந்தார் மனுஷன், மாவில் உப்புப் போட்டாச்சா என்று கேட்க! அக்கா ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்.

தேறிவிட்டாள். போஸ்டிங் யானத்தில்; நம் புதுச்சேரி நிர்வாகம்தான், ஆனால் ஊர் ஆந்திராவுக்குள் கிடக்கிறது. "அவ்ளோ தூரமா? வேணாம்னு எழுதிக் குடுத்துடு" என்று புருஷன் குதித்தார். நாத்தனார் போனில் ஒப்பாரியே வைத்தாள். இவள் பாட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

வழியனுப்ப நான் ரயிலடிக்குப் போனேன். வண்டி கிளம்பப் போகும் நேரத்தில் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

"ஏன்டி அழற? ஊரை விட்டுப் போறோமேன்னா?"

"போடி இவளே! போற ஊர்ல எங்களுக்குச் சொந்தக்காரங்க ஒருத்தர்கூடக் கிடையாதுடி."