நிலக்கீழ் மண்டபத்துக்கு ஒரு விதி கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை, ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது செல்வராணி அக்காவின் மகள் அழைத்தாள். “மாமா, அம்மா நித்திரையிலயே போயிட்டா. ஹார்ட் எண்டு டொக்டர் சொல்லுறார்” என்றாள். வந்த ரயிலை விட்டுவிட்டு வாங்கில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது யார்மேல் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். கலாநிதிப் பட்டம் பெற்ற செல்வராணி அக்கா கட்டடங்களின் காற்றை அளந்து ஆராயும் விஞ்ஞானி. இளம் வயதில் நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். அங்கே கை விறைக்கிறது என்று பெண்கள் முறையிட்டபோது மேற்பார்வையாளர் சிரித்தாராம். அக்கா ஒரு வெப்பமானியை மேசைக்கு மேலே தொங்கவிட்டு, மூன்று கிழமை குறித்து, அந்தத் தாளை நீட்டினார். சூடாக்கி வந்தது. அதன் பிறகுதான் ஒஸ்லோவுக்கு வந்து படித்தார். “விறைக்குது எண்டா அது என்ர கதை. அளந்து காட்டினா அது அவையின்ர பிரச்சினை” என்று அந்தக் கதையை முடிப்பார். தாளை நீட்டினால் போதும் என்ற அந்த நம்பிக்கை அவரை வாழ்நாள் முழுக்க அலைக்கழித்தது.

நாங்கள் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துவது ஸ்டோவ்னரில் ஒரு அடுக்குமாடியின் நிலக்கீழ் மண்டபத்தில். நான் அதன் செயலாளர். பேத்தியைச் சேர்க்க வந்த அன்றே அக்கா சுவர் வெடிப்புகளைக் குனிந்து பார்த்து, “றேடன் அளந்தனீங்களோ?” என்று கேட்டார். மண்ணிலிருந்து கசியும் வாயு அது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும். பாடசாலைகளுக்கும் வாடகை வீடுகளுக்கும் விதி இருக்கிறது. எங்களைப் போல் வார இறுதியில் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களை அந்த விதி எட்டவில்லை.

அக்கா தன் செலவில் றேடனை அளக்கும் ஆறு சிறிய கறுப்புப் பெட்டிகள் கொண்டுவந்து வைத்தார். குளிர்காலத்தில் இரண்டு மாதம், வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். தொடக்கூடாது என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் எழுதி ஒட்டினார். இங்கே வாணிவிழா நவராத்திரியில் வருவதில்லை, பெரிய மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமையில் வரும். அந்த வருடம் அது நவம்பரில் வந்தது. விழா முடிந்த பின்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. பெற்றோர் சிலர் வயலின், மிருதங்கம், புத்தகங்களோடு அந்த ஆறு பெட்டிகளையும் ஏற்றிப்போய் கலைமகள் படத்தடியில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசியிருந்தார்கள்.

“விஞ்ஞானமும் கல்விதானே அக்கா” என்றார் எங்கள் நிர்வாகத் தலைவர்.

“ஓம் தம்பி. ஆனா உது சாம்பிராணியை அளக்க வைச்ச பெட்டியில்லை” என்றார் அக்கா. ஒரு குளிர்காலம் வீணாய்ப் போனது.

அடுத்த குளிர்காலத்தில் ஒழுங்காக அளந்தார். வகுப்பறைகளுக்கு அரசு விதித்த எல்லையை எங்கள் மண்டபம் தாண்டியிருந்தது. உரிமையாளரிடம் போனோம். காற்று இழுக்கும் கருவி பூட்டத் தனக்குச் சட்டக் கடமை இல்லை என்றார். இதைப் போன்ற வேறு மண்டபங்களையும் அக்கா அளந்து, இவற்றுக்கும் விதி வேண்டும் என்று, அமைச்சுக்கு ஆலோசனை சொல்ல தானும் இருந்த நிபுணர் குழுவின் அறிக்கையில் சேர்த்தார். அமைச்சின் பதில் வந்தது. அளவீடுகளில் ஒரு தொடர் செல்லுபடியற்றது என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறதாம். ஆகவே மேலதிக அறிவு தேவையாம்.

அந்தச் செல்லுபடியற்ற தொடர் எங்கள் வாணிவிழாப் பெட்டிகள்தான். குறொன்லாண்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

“அதை ஏன் அக்கா எழுதினனீங்கள்? ஆர் கேட்டது?”

“நடந்தது, எழுதினனான்.”

“அந்த ஒரு வரியைப் பிடிச்செல்லோ அவையள் எல்லாத்தையும் தள்ளிப்போட்டினம்.”

“நான் ஒரு வரியை ஒளிச்சா, மிச்ச வரியளை ஏன் நம்ப வேணும்? அவையள் பிழையா வாசிச்சா அது அவையின்ர பிழை. நான் பிழையா எழுதினா அது என்ர பிழை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் சாகப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்திரிகைகள் ஓடி வந்திருக்கும். அவரோ, இத்தனை வருடம் இருந்தால் இவ்வளவு கூடும், புகைப்பவர்களுக்கு இன்னும் கூடும் என்று அளந்து அளந்து பேசுவார். அரசாங்கம் விதிகளின் வரைவை அனுப்பிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பதில் எழுதுவார். ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்று ஒரு கடிதம் வரும். “ஊதிற சங்கை ஊதுவம், விடியிறபோது விடியட்டும்” என்று அதைக் கோப்பில் போடுவார்.

அமைச்சைத் திட்டுவது எங்களுக்குச் சுகமாக இருந்தது. பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. அக்கா முடிவுகளை வாசித்து, வேறு இடம் பாருங்கள் என்று கேட்டார். இந்த மண்டபம் ரயிலுக்குப் பக்கம், சமையலறை உண்டு, ஆபத்தென்றால் அரசாங்கம் சும்மா விடுமா, விதி வரட்டும் பார்ப்போம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வாக்கெடுப்பில் அங்கேயே இருப்பது என்று முடிவானது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது அன்று எங்களுக்குப் பொருந்தியது. அக்கா தாள்களை அடுக்கிக்கொண்டு, “அரசாங்கத்துக்கு உதை வாசிச்சுச் சட்டம் கொண்டுவர நாளெடுக்கும். உங்களுக்குமா? பிள்ளையள் உங்கட பிள்ளையள்” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

தங்கியிருக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வேறு இடம் தேடும் வேலை செயலாளரான என் தலையில் விழும் என்று தெரியும். காரணம் அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை முதல் அக்கா வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னரே வந்து, ஏணி வைத்து மேல் யன்னல்களைத் திறந்து, இரண்டு மின்விசிறிகளைப் போட்டு வைப்பார். இது தற்காலிகம், போதாது என்று அதையும் அளந்து எனக்கு எழுதிக் கொடுத்தார். குளிருது என்று பெற்றோர் முறைப்பட்டார்கள்.

அக்காவை வெள்ளிக்கிழமை தகனம் செய்தோம். மறுநாள் வகுப்புக்குப் போனேன். யன்னல்கள் பூட்டியிருந்தன. பிள்ளைகள் மேலங்கி இல்லாமல், வழமையைவிடச் சுகமாக, உயிரெழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் என்னிடம், “இண்டைக்குத்தான் அண்ணை அறை நல்ல சூடா இருக்கு” என்றார். கோபம் என்மேல்தான் என்று அப்போது தெரிந்தது.

பிள்ளைகள் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து வீட்டுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை மண்டபத்தைப் பூட்டி, அதன் திறப்பை உரிமையாளரிடமே கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நிர்வாகம் என்னை விலக்குவதென்றால் விலக்கட்டும். அஞ்சலிக் கூட்டம் வழமையான மண்டபத்தில் என்று அறிவித்தவர்கள் அழைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த அடுக்குமாடியின் முற்றத்தில் நின்றபடிதான் நடக்கும். குளிருக்கு உடுத்துக்கொண்டு வாருங்கள்.

போய் வாருங்கள், அக்கா. விதி இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள்.