இரண்டு லெட்சுமியும் ஒரு கம்ப்யூட்டரும்

"எங்க ரெண்டு பேர்ல ஒருத்தியக் காணோம், தங்கச்சி."

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஈப்போவில் நான் வேலை பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக் கவுண்டரில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இருவருமே முழுசாக, நலமாக, வெற்றிலைச் சிவப்போடு என் எதிரில்தான் நிற்கிறார்கள்!

"யாரைக் காணோம்?" என்று கேட்டேன்.

"அதுதான்லா தெரியல" என்றார் முன்னால் நின்றவர்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இருவரும் அங்கே பால்மரம் வெட்டுகிறார்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளி மரங்களைச் சாய்க்கப் போகிறார்; தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைக் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. செமோர் பக்கம் கட்டி முடித்திருக்கும் மலிவு வீடுகளுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லாருமே மனுப் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை குலுக்கல். பட்டியலில் பெயர் இருந்தால்தான் குலுக்கலில் சீட்டு. ஆனால் தோட்ட ஆபீஸ் சுவரில் ஒட்டிய பட்டியலில் 'லெட்சுமி, தகப்பனார் முனியாண்டி' என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்ததாம்.

வந்திருப்பதோ இரண்டு லெட்சுமி. இருவருக்கும் அப்பா பெயர் முனியாண்டி. ஒருவர் கோயில் பூசாரி முனியாண்டி, இன்னொருவர் வாட்ச்மேன் முனியாண்டி!

"தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டோம். ஒரு பேருதான் வந்திருக்கு, ஒங்களுக்குள்ள பேசி யாராச்சும் ஒருத்தி எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டாரு. எப்படித் தங்கச்சி எடுத்துக்கிறது? எனக்கு ரெண்டு புள்ள, இவளுக்கு மூணு."

மற்றவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அக்காவே எடுத்துக்கட்டும்னு நான் சொல்லிட்டேன். அது கேக்க மாட்டேங்குது."

"சும்மா இருடி. அப்புறம் நீ எங்க போவ?"

இரண்டு பஸ் மாறி அவர்கள் ஈப்போவுக்கு வந்தது இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான். நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ என்று ஒரு சண்டை... இப்படியும் சண்டை போடுவார்களா என்று எனக்கு மனசு கலங்கிவிட்டது.

சரி, அந்தப் பட்டியலைப் போட்டது யார்? எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

நான்தான்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருநாள் உங்களோடு அரட்டை. மற்ற நாளெல்லாம் எனக்குக் கம்ப்யூட்டர் அறையில் பிழைப்பு. இது தெரிந்த நாளிலிருந்து கடிதம் மேல் கடிதம். 'மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கலாமா?' 'அது ஆள் குறைக்கிற மிஷின் என்கிறார்களே?' 'கணக்குப் புலிகளுக்கு மட்டும்தானா?' நம் வீடுகளில் டாக்டர், வக்கீல், வாத்தியார் என்று மூன்று வேலைதானே தெரியும்? நான்காவதாக ஒன்று வந்தால் பயம் வரத்தான் செய்யும். நல்லதாக ஒரு பதில் எழுத வேண்டும் என்று நானும் பல வாரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்தப் பதில்தான் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

முதலில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா." என்ன திமிர்! சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வேறு.

நடந்தது இதுதான். நம் தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மனு என்றால் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் கையில் ஒரு மனுப் பாரம், பள்ளிக்கூட வாத்தியார் கையில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று தபாலில் ஒன்று. ஏதாவது ஒன்றாவது போய்ச் சேராதா என்ற நம்பிக்கை! அதனால் பட்டியலில் ஒரே ஆள் மூன்று முறை வந்தார். அடையாள அட்டை எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அந்தக் கட்டம் பாதிப் பாரங்களில் காலி. ஆகவே நான் ஒரு புரோகிராம் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். ஒன்றை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு.

பட்டியல் பாதியாக இளைத்து வந்தது. எங்கள் சூப்பர்வைசர் மிஸ்டர் லோ என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

"சரிக்கா... பிறந்த தேதி என்ன?" என்று முதல் லெட்சுமியிடம் கேட்டேன்.

"ஜனவரி ஒண்ணு."

"உங்களுக்கு?"

"எனக்கும் அதான் தங்கச்சி. கார்டு எடுக்கப் போன அன்னிக்கு எங்க வரிசைக்கே அதான். எப்பப் பொறந்தேன்னு அம்மாவுக்குத் தெரியல. பெரிய கிராணி மூஞ்சியப் பாத்து வருசத்தப் போட்டாரு, ஜனவரி ஒண்ணுன்னு எழுதிட்டாரு."

இருவரும் முந்தானை முடிச்சை அவிழ்த்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்கள். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே தேதி, ஒரே வருஷம். எண் மட்டும் வேறு. முகமும் வேறு.

என் கைப்பையிலும் ஒரு அடையாள அட்டை இருக்கிறது. அதிலும் என் பிறந்த நாள் ஜனவரி ஒன்றுதான்! நான் பிறந்தது தீபாவளிக்கு முந்தின வாரம் என்று அம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே? எங்கள் லயத்திலேயே நான்கு மாரியாயி இருந்தார்களே? புரோகிராம் எழுத உட்கார்ந்தபோது அதெல்லாம் எங்கே போயிற்று? ஏர்கோன் அறைக்குள் போனதும் லயத்தை வெளியிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே முகம் சுட்டது.

மிஸ்டர் லோவிடம் ஓடினேன். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்றால் விதி. "பட்டியல் கையெழுத்தாகிவிட்டது. பேனாவால் பெயர் சேர்ப்பதா? தா போலே லா!" முடியவே முடியாதாம். மிஷினிலிருந்து வந்தால்தான் பட்டியல். வியாழக்கிழமை காலை ஒரு மணி நேரம் மிஷின் தருகிறேன், அதற்குள் தப்பில்லாத பட்டியல் தந்தால் புதுக் கையெழுத்து வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார்.

தப்பில்லாத பட்டியல்... எப்படி? தள்ளப்பட்டவர்களில் யார் நிஜமாகவே இன்னொரு ஆள், யார் மூன்று பாரம் போட்ட ஒரே ஆள்? அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தெரிந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கும் வர முடியுமாக்கா?"

"வாரோம்லா. மரம் வெட்டி முடிச்சிட்டு நேரா வாரோம்."

புதன்கிழமை மத்தியானம் வந்தார்கள். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசு போகக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வரும் பெரிய அதிகாரிகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கும். இவர்கள் இருவரும் சொல்லாமலே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். "அம்மாடி, என்னா குளிரு! ஐஸ் பெட்டிக்குள்ளயா வேல பாக்குற?" என்று முந்தானையால் போர்த்திக்கொண்டார்கள்.

பச்சைக் கோடு போட்ட அகலத் தாள்களை மேசையில் விரித்தேன். இருவருக்கும் அந்த ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரியாது. நான் படித்தேன், அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

"மாரிமுத்து, தகப்பனார் ராமசாமி. இரண்டு பாரம்."

"ரெண்டு பேரு. ஒருத்தன் பல்லு மாரிமுத்து. இன்னொருத்தன் கோயில் வீட்டு மாரிமுத்து."

"ஆறுமுகம், தகப்பனார் பெருமாள். மூன்று பாரம்."

"ஒரே ஆளுதான்! மூணும் அவன் போட்டதுதான். கேடிப் பய."

"காளியம்மா, தகப்பனார் வீரன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டு பேரு, தங்கச்சி. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாளுங்க. அதனால பக்கத்துப் பக்கத்து வீடு குடுத்துறாத!"

எங்கள் ஆபரேட்டர் பையன்களுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டு மணி நேரம். என் புரோகிராம் விழுங்கிவிட்ட பதினோரு பேரை இரண்டு பெண்கள் உட்கார்ந்து வெளியே எடுத்தார்கள். எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டேன். பெரிய லெட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது. "இது என்னா கேள்வி? கூட இருக்கிறவங்கள தெரியாதா?"

இருவரில் முன்னால் நின்று பேசுபவர்தான் பெரிய லெட்சுமி. உயரத்தில் அவர் மற்றவரின் தோளுக்குத்தான் வருவார். ஆனால் கல்யாணமாகி அந்த லயத்துக்கு முதலில் வந்தவர் என்பதால் அவர் பெரிய லெட்சுமி, அடுத்து வந்தவர் சின்ன லெட்சுமி. தோட்டம் தன் ஆட்களைப் பிரித்துவைக்கும் முறை அது. எந்தப் பாரத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது? அதைக் கேட்டு வாங்கி மிஷினுக்குப் புரிய வைப்பதுதான் என் வேலை என்று எனக்கே அன்றுதான் புரிந்தது.

ஆகவே, கடிதம் எழுதிய பெற்றோரே... பதில் இதுதான். படிக்க வையுங்கள். தாராளமாக வையுங்கள். கணக்குப் புலியாக இருக்கத் தேவையில்லை. கணக்கைக் கண்டு ஓடாமல் இருந்தால் போதும். ஆங்கிலம் வேண்டும், பொறுமை நிறைய வேண்டும். இந்த வேலையில் ஆண் பெண் பார்ப்பதில்லை. மிஷினுக்கு உங்கள் நிறமும் தெரியாது. தப்பு நடந்தால் 'நான்தான் செய்தேன்' என்று சொல்லத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தெரியாததை இன்னொருவரிடம் போய்க் கேட்கத் தெரிய வேண்டும். ஆள் குறைக்கிற மிஷின் என்கிறீர்களா? குறைக்கும்தான்... பக்கத்தில் நம் ஆள் இல்லாவிட்டால் இரண்டு லெட்சுமியை ஒன்றாகவே குறைத்துவிடும்!

வியாழக்கிழமை காலை மிஷின் ஓடியது. புதுப் பட்டியலில் லெட்சுமி, தகப்பனார் முனியாண்டி. அடுத்த வரியில் லெட்சுமி, தகப்பனார் முனியாண்டி. பக்கத்தில் அடையாள அட்டை எண்கள். மிஸ்டர் லோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. யாருக்கு விழுந்ததோ, யாருக்கு விழவில்லையோ?

திங்கட்கிழமை பெரிய லெட்சுமி மட்டும் வந்தார். கையில் ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு.

"அவளுக்கு விழுந்திருச்சு, தங்கச்சி! அந்தக் காளியம்மா ரெண்டு பேருக்கும்கூட விழுந்திருச்சு."

"உங்களுக்குக்கா?"

"எனக்கு விழல. அடுத்த வருசம் இன்னொரு குலுக்கல் இருக்காம், அதுல பாப்போம். அதுவரைக்கும் அவ வீட்டுலதான். வாக்கா, இருக்கிறதுல இருந்துக்கலாம்னுட்டா."

மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "பேரு இருந்துச்சில்ல? சீட்டுல என் பேரும் இருந்துச்சில்ல? பெறகு என்னா!" என்று கிழங்குப் பையை மேசைமேல் வைத்தார். போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

"எம்மவ அஞ்சாம் பாரம் படிக்கிறா, இந்த வருசத்தோட பள்ளிக்கூடம் முடியுது. நர்ஸுக்குப் போறேங்கிறா. இந்த வேலைக்கு வரலாமா அவ?"

"தாராளமா வரலாம்க்கா. நானே சொல்லித் தாரேன், எங்க படிக்கலாம்னு."

"உள்ள நம்ம ஆளுங்க எத்தன பேரு?"

"நான் ஒருத்திதான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒருத்திதானா? அதான்லா எங்களயும் ஒருத்தியாக்கிட்ட!"